நாற்பத்தெட்டு மூலைகள்

எங்கள் கல்லூரியில் நான் நடத்திய பாடத்தில் ஒருவர்கூடத் தோற்றதில்லை. பெருமைப்பட ஒன்றுமில்லை, அந்தப் பாடத்துக்குத் தேர்வே கிடையாது. வடிவமைப்பும் அச்சும் கற்றுத்தரும் கல்லூரி. ஹவுராவில், இரும்புப் பட்டறைகளுக்கு நடுவில், படகுத்துறையிலிருந்து பத்து நிமிட நடை. கோடு போடவும் வண்ணம் கலக்கவும் வருகிற பிள்ளைகளுக்கு ஒழுங்காக நாலு வாக்கியம் எழுதவும் தெரியட்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் எப்போதோ முடிவெடுத்திருந்தார். அந்த நாலு வாக்கியத்துக்கு ஆசிரியர் நான். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. என் குரலுக்குத் தூக்கம் வரவழைக்கும் குணம் உண்டு என்பார்கள் மாணவர்கள். என் மனைவியும் இதுவரை மறுத்ததில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்து, பிள்ளைகள் எழுத்துருக்களைக் கண்டு மயங்கிப்போயிருந்த காலம். ஒரே பக்கத்தில் பதினான்கு வகை எழுத்தைப் போடுவார்கள். விட்டுப்போனவை வருத்தப்படுமோ என்று அடுத்த பக்கத்தில் அவற்றையும் போடுவார்கள். சுற்றிலும் தங்க நிறத்தில் கொடியும் பூவும். கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போட எனக்கு அதிகாரம் இல்லாததால் திறந்துகொண்டே போடாமல் இருந்தேன்.

நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வங்காளி அம்மாள். எல்லாரும் தீதி என்போம். அக்கா என்று பொருள். முதல்வரும் அப்படித்தான் கூப்பிடுவார், சற்றுப் பயந்துகொண்டு. ஓய்வுபெற ஒரு மாதம்கூட இல்லை. சேலைத் தலைப்பில் ஒரு சாவிக் கொத்து முடிந்திருக்கும். அதில் ஒரு சாவி, நூலகத்தின் கோடியில் நின்ற இரும்பு பீரோவினுடையது. அந்த பீரோவுக்குள்தான் ஐம்பதுகளில், கல்லூரி தொடங்கிய புதிதில், மாணவர்கள் கையால் எழுத்துக் கோத்து, கையால் அச்சடித்த தாள்கள் எல்லாம் இருந்தன. இடத்தை அடைக்கிறது, பழைய பேப்பர்காரனிடம் போடலாம் என்று அலுவலகம் மூன்று முறை ஆள் அனுப்பியது. மூன்று முறையும் தீதி பீரோவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். முப்பது வருடத்தில் ஒரு தாள் தொலைந்ததில்லை, ஒரு தாள் கறைபட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, தடித்த பதிவேடு ஒன்றில் தன் கையால் எழுதி வைத்திருந்தார்.

அந்த வருடம் ஒருவழியாக விடிவு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கண்காட்சிக் கூடம் இந்தத் தாள்களைச் சுவரில் மாட்டச் சம்மதித்தது. ஒரு நிபந்தனை: வெளியூரிலிருந்து நிபுணர் ஒருவர் வருவார். பதிவேட்டோடு ஒவ்வொரு தாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவார். ஒரு தாள் குறைந்தாலும், ஒன்று கெட்டிருந்தாலும் கண்காட்சி இல்லை. அலுவலகத்துக்கு அது போதும். "நாங்கதான் அப்பவே சொன்னோமே, குப்பைன்னு" என்று தீதியின் பிரிவுபசார விழாவிலேயே சொல்லிவிடுவார்கள். முப்பது வருடக் காவலுக்கு அதுதான் மாலையாக விழும்.

தாள்களுக்குக் கீழே மாட்டக் குறிப்பு எழுதும் வேலை என்னுடையது. நிறையப் படித்தவன் என்று ஒரு வதந்தி என்னைப் பற்றிக் கல்லூரியில் உலவியது. நானே கிளப்பியது என்பதால் மறுக்க முடியவில்லை. ஆறு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். முதல் ஐந்து வாரமும் நான் அதைப் பற்றி ஆழமாக யோசித்தேன்.

குறிப்பு எழுத வேண்டியவற்றில் முக்கியமானது பன்னிரண்டு தாள்கள் கொண்ட ஒரு கட்டு. ஐம்பதுகளில் இருந்த ஓர் ஆசிரியர் வகுப்புக்குக் கொடுத்த பயிற்சி: ஒரு கல்யாணப் பத்திரிகை. வாசகம் எல்லாருக்கும் ஒன்றே, மேலே வங்காளியில் 'சுப விவாகம்', கீழே ஆங்கிலத்தில் விவரம். மணமக்களும் அவர் கற்பனை செய்த ஒரே ஜோடி. பூ கூடாது, ஓரக் கரை கூடாது, வங்காளிப் பத்திரிகைகளில் கட்டாயம் பறக்கும் அந்தப் பட்டாம்பூச்சி கூடாது, கறுப்பைத் தவிர வேறு மை கூடாது. எழுத்தும் வெற்றுத் தாளும் மட்டும். அதை வைத்துக்கொண்டு கல்யாணக் களை வரவழைக்க வேண்டும். அப்படியாக அந்தத் தம்பதிக்குப் பன்னிரண்டு முறை கல்யாணம் ஆகியிருந்தது.

ஒரு மாணவன் எல்லா வரிகளையும் தாளின் அடியில் இடது ஓரமாக ஒதுக்கிவிட்டு மேலே முழுவதையும் காலியாக விட்டிருந்தான். ஆளே வராத கல்யாண மண்டபம் போல இருக்கும், ஆனால் கண்ணை எடுக்க முடியாது. இன்னொருவன் மாப்பிள்ளை பெயரை மேலே இடது கோடியிலும் பெண் பெயரை வலது கோடியில் கீழேயும் வைத்திருந்தான். இவர்கள் சேர்ந்து வாழ்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாணவி தேதியை மட்டும் மரத்தில் செதுக்கிய பெரிய அச்செழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அடித்து, மற்றதையெல்லாம் எறும்பு வரிசையாகப் பக்கத்தில் ஓடவிட்டிருந்தாள். தாளைத் திருப்பித் தடவினால் எழுத்துகள் அழுந்திய மேடு விரலில் தட்டும். கம்ப்யூட்டரில் பதினான்கு எழுத்துருவைக் கொட்டும் என் பிள்ளைகள் இவற்றைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. ஆசை இருந்ததே தவிரக் குறிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீதியிடம் போய் நின்றேன். திங்கட்கிழமை நிபுணர் வருகிறார்.

"தீதி, இங்கே உட்கார்ந்தா எழுத வரமாட்டேங்குது. இந்தப் பன்னிரண்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டு திங்கட்கிழமை காலையில கொண்டுவந்துடறேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவர் பேசியது வங்காளி. நான் நம் வழக்கில் எழுதுகிறேன், 'வாத்தியாரய்யா' என்று பொருள்படும் மாஸ்டர்மொஷாயைத் தவிர.

"மாஸ்டர்மொஷாய், இந்த பீரோவிலேர்ந்து ஒரு தாள் வாசப்படி தாண்டினதில்லை."

"தெரியும். வேணும்னா எழுதிக் கொடுத்துடறேன்."

"எழுதினா நான் ரூலை மீறினதுக்கு அதுவே சாட்சி. வேணாம். வாய்ச்சொல் போதும்." கட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, கயிறு கட்டி, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "குறிப்பு இல்லாம நிபுணர் முன்னாடி நின்னா நமக்குத்தான் அவமானம். அதனால தர்றேன். தண்ணி, எண்ணெய், டீ, எதுவும் பக்கத்துல வரக்கூடாது."

மஞ்சள் என்று அவர் சொல்லவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

ஆவணி மழை. கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படகில் ஆற்றைக் கடந்தேன். குழந்தையா என்று எட்டிப் பார்த்த ஒரு பெண்மணி அட்டையைக் கண்டு ஏமாந்தார். பஸ் பிடித்துக் காளிகாட் வந்து சேரும்போது நான் முழுக்க நனைந்திருந்தேன்; கட்டு நனையவில்லை. என் வாழ்க்கையில் நான் பொறுப்பாக நடந்துகொண்ட கடைசி இரண்டு மணி நேரம் அது.

சனிக்கிழமை காலை பன்னிரண்டு தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். அடித்தேன். காப்பி குடித்தால் எழுதலாம் என்று தோன்றியது. காப்பிப் பொடி தீர்ந்திருந்தது. மார்க்கெட் பக்கம் நம் ஊர்க் கடையில் புதிதாக அரைத்துத் தருவார்கள். வாங்கிக்கொண்டு, கடைக்காரரோடு நாட்டு நடப்பைக் கொஞ்சம் சரிசெய்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பினேன்.

மேசையருகே அம்மா நின்றிருந்தாள். இடது உள்ளங்கையில் குழைத்த மஞ்சள். வலது ஆள்காட்டி விரல் மஞ்சள். பன்னிரண்டு தாள்களிலும் நான்கு மூலைகள். நாற்பத்தெட்டு மூலைகளிலும் பொட்டுப் பொட்டாக, அளந்து வைத்தது போல, ஈர மஞ்சள்.

"அம்மா!"

"ஏண்டா கத்தறே? இப்பதான் முடிஞ்சுது."

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"நான் என்ன பண்ணேன்? நீதான் பண்ணே. கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் தடவாம நடு வீட்டுல விரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டே. அதுவும் கன்னங்கரேல்னு. பூ இல்லை, புள்ளையார் இல்லை. கல்யாணப் பத்திரிகையா கருமாதிப் பத்திரிகையான்னு எனக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுது. அப்புறம் மேலே சுப விவாகம்னு போட்டிருந்ததைப் பார்த்தேன்."

நாற்பது வருடம் கல்கத்தாவில் இருந்து அக்கம்பக்கத்தார் பத்திரிகைகளைப் பார்த்ததில் அம்மாவுக்கு வங்காளியில் படிக்கத் தெரிந்த ஒரே சொல் அது. சரியான நேரத்தில் கைகொடுத்திருக்கிறது.

"இது நிஜப் பத்திரிகை இல்லம்மா. காலேஜ் பசங்க பாடத்துக்காகப் பண்ணது. நாற்பது வருஷம் ஆச்சு."

"நாற்பது வருஷமா மஞ்சள் படாமயா கிடக்கு?" அம்மாவுக்கு அந்த மணமக்களை நினைத்து நிஜமாகவே கவலை வந்தது. "தங்கச்சிக்கு வரன் வந்துட்டிருக்கிற நேரம். ஜாம்ஷெட்பூர்லேர்ந்து எந்த நிமிஷமும் லெட்டர் வரும். இந்த நேரத்துல வீட்டுல மூளியா ஒரு பத்திரிகை கிடக்கலாமா? நீயே சொல்லு."

அம்மா தப்புப் பண்ணவில்லை என்பதுதான் அதிலிருந்த கஷ்டம். நம் வீட்டில் எந்தப் பெண்மணி அந்த மேசையைக் கடந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னூறு, நானூறு பத்திரிகை என்று கைக்குப் பழகிய வேலை. நான்தான் பன்னிரண்டு கல்யாணப் பத்திரிகைகளை மேசையில் விரித்துவிட்டுக் காப்பிப் பொடி வாங்கப் போனவன்.

தீதியின் முகம் கண்முன் வந்தது. சாவிக் கொத்து வந்தது. "வாய்ச்சொல் போதும்" வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஆபத்து வேளையில் நிதானமாக இருப்பவர்களைப் பற்றி நான் படித்திருக்கிறேன். நான் குளியலறைக்கு ஓடிச் சோப்பை எடுத்துவந்தேன். கைக்குட்டை முனையை நனைத்து, சோப்பில் தேய்த்து, ஏழாம் எண் தாளின் மூலையில் ஒற்றினேன். எறும்பு வரிசை மாணவியின் தாள்.

மஞ்சள் சிவப்பானது. லேசான சிவப்பு இல்லை, வெட்டுக்காயச் சிவப்பு. அதற்குள் பதற்றத்தில் இரண்டாவது மூலையையும் ஒற்றியிருந்தேன்.

சமையலறையிலிருந்து வந்த மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன, ஆரத்தி கரைச்சிட்டீங்களா?"

மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் சிவப்பாகும். சோப்புக்கும் அதே குணம். பிறந்ததிலிருந்து எத்தனை ஆரத்தி பார்த்திருப்பேன், என் கல்யாணத்தில் எனக்கே எத்தனை சுற்றினார்கள். அப்போதெல்லாம் தட்டில் விழ வேண்டிய காசைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் போல.

"ஏதாவது பண்ணேன்" என்றேன். குரல் எனக்கே பாவமாக இருந்தது.

அவள் திருச்சிக்காரி. நான் புத்தகத்தில் தேடுவதை அவள் கொல்லையில் தேடுவாள். காளிகாட் அடுக்கு வீட்டில் கொல்லை இல்லாததால் மொட்டை மாடியில் தேடுவாள். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "தண்ணி காட்டாதீங்க. காயட்டும். காஞ்சதும் மேலே இருக்கிற பொடியைத் தட்டி எடுத்துட்டு வெயில்ல வைக்கலாம். அத்தை பொடவையில மஞ்சக்கறை பட்டா எப்படிப் போகுது? சோப்புக்கா போகுது? வெயிலுக்குத்தான் போகுது. மஞ்சளுக்கு வெயில்தான் எமன்."

"வெயில் எங்கே இருக்கு?"

இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். எதிர்வீட்டுச் சுவரே தெரியாத அளவுக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை முழுக்கக் கொட்டியது. சாயங்காலம் காய்ந்த மஞ்சளை மனைவி என்னுடைய புது ஷேவிங் பிரஷ்ஷால், குழந்தைக்குப் பவுடர் ஒற்றுவது போலத் தட்டி எடுத்தாள். பொட்டுகளின் மேடு போய்விட்டது. நிறம் போகவில்லை. ஏழாம் எண்ணின் சிவப்பில் எலுமிச்சைச் சாற்றைத் தீக்குச்சி முனையில் எடுத்து வைத்தாள். சிவப்பு தயங்கி, யோசித்து, மறுபடி மஞ்சளானது. மஞ்சளைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையும் மூட்டம். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மா கீழே யாரிடமோ தொலைபேசியில், "வரன் விஷயமா ரொம்பக் கவலைப்படறான், பாவம், அண்ணன்காரன் இல்லையா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்கு மேகம் கிழிந்தது. கல்கத்தாவின் மழைக்கால வெயில் வந்தால் வஞ்சனை இல்லாமல் வரும். மண்டையில் ஆணி அடிக்கும். தாள்களோடு மாடிக்கு ஓடினோம். மூலை மட்டும் வெயிலில் படவேண்டும், எழுத்தின் மேல் படக்கூடாது என்றாள் மனைவி. ஒவ்வொரு தாளின் மேலும் கெட்டி அட்டை வைத்து, நான்கு மூலையை மட்டும் வெளியே விட்டு, காற்றில் பறக்காமல் மேலே பாரம் வைத்தோம். பாரத்துக்கு என் புத்தகங்கள். படிக்க வேண்டும் என்று பதினைந்து வருடமாக வாங்கி அடுக்கியவை. ஒரு தாளுக்கு ஒன்று என்று பன்னிரண்டு கனமான புத்தகங்கள் ஒரே நாளில் எனக்குப் பயன்பட்டன.

துணி காயப்போட வந்த இரண்டாம் மாடி பௌதி, அங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம், வாளியோடு அப்படியே நின்றார்.

"என்னது இது? உங்க ஊர் அப்பளமா?"

"காகிதம், பௌதி."

"காகிதத்தைக் காயப்போட்டுச் சாப்பிடுவீங்களா?" என்றபடி குனிந்து, அட்டைக்கு அடியிலிருந்து நழுவிய ஒரு வரியைப் படித்துவிட்டார். "அட! சுப விவாகம்! பத்திரிகையே அடிச்சாச்சா? தங்கைக்கா? எங்ககிட்டே ஒரு வார்த்தை சொல்லலையே!"

"இல்லை, பௌதி, இது வேற..."

"சொல்லாட்டிப் போறது. இனிப்பு எப்போ?"

மதியத்துக்குள் கட்டடம் முழுக்கத் தங்கையின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து அம்மாவுக்கு வாழ்த்துச் சொன்னார். அம்மா மறுக்கவில்லை, நல்ல வார்த்தையை யாராவது மறுப்பார்களா?

வெயில் ஒரு மணி நேரம் அடிக்கும், பத்து நிமிடம் தூறும். தூறல் விழுந்தவுடன் நானும் மனைவியும் தாள்களை வாரிக்கொண்டு படிக்கட்டுக்குள் ஓடுவோம். நின்றதும் திரும்ப வந்து பரப்புவோம். ஐந்து முறை ஓடினோம். மூன்றாவது முறை படியில் வழுக்கி விழுந்தேன். கையை உயரத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்த நிலையில் விழுந்ததால் தாள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பரவாயில்லையே" என்றாள் மனைவி, தாள்களைப் பார்த்து.

சாயங்காலம் வெயில் இறங்கும்போது அட்டைகளை எடுத்தோம். மஞ்சள் இல்லை. பழுப்பு வெள்ளைத் தாளில் பழுப்பு வெள்ளை மூலை. ஏழாம் எண்ணில் மட்டும், எலுமிச்சை ஈரம் பட்ட இரண்டு மூலையும் லேசாகச் சுருங்கியிருந்தன. கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன், எட்டத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. நாற்பது வருடத்தில் தாள் முழுவதும் நீர்த்த டீ நிறத்துக்கு வந்திருந்தது. மூலைகள் வரவில்லை. மஞ்சளோடு சேர்த்துப் பழமையையும் வெயில் கொண்டுபோய்விட்டது. ஒவ்வொரு தாளிலும் நான்கு முக்கோணம் புதுத் தாள் போலப் பளிச்சென்று இருந்தது.

"அழுக்கா இருந்தாத்தானே திட்டுவாங்க?" என்றாள் மனைவி. "சுத்தமா இருந்தா என்ன பண்ணுவாங்க?"

நான் தாள்களை உறையில் போட்டு, தீதி கட்டியபடியே கயிறு கட்டினேன்.

திங்கட்கிழமை முதல் படகில் போனேன். தீதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஆற்றின் நடுவிலேயே தீர்மானம். முதல் வாக்கியத்தைப் பலமுறை ஒத்திகையும் பார்த்திருந்தேன். நூலகத்தில் அவர் எனக்கு முன்பே வந்து, புதுக் கஞ்சி மொடமொடக்கும் சேலையில், பதிவேட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். மேசையில் டீ ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது.

"தீதி, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன்.

கதவு திறந்து நிபுணர் உள்ளே வந்தார். பதினோரு மணிக்கு வரவேண்டியவர், ஒன்பதரைக்கே வந்துவிட்டார். அவர் வந்த ரயில் சரியான நேரத்துக்கு ஹவுரா வந்து சேர்ந்துவிட்டதாம். எத்தனையோ வருடமாக நடக்காத ஒன்று அன்றைக்கு நடந்தது.

ஒல்லியான, மென்மையாகப் பேசும் மனிதர். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தார். தீதி எண்ணைப் படிக்க, அவர் தாளைப் பார்த்துத் தலையசைக்க, மற்ற கட்டுகள் எல்லாம் முடிந்து எங்கள் பன்னிரண்டு வந்தது. முதல் தாள். இரண்டாவது. மூன்றாவதில் நிறுத்தி, முதலாவதைத் திரும்ப எடுத்தார்.

"மூலைகள் வெளுத்திருக்கின்றன" என்றார். "எல்லாவற்றிலும். ஓ, ஆல்பத்தில் மூலை ஒட்டி வைத்திருந்தார்களா? அதற்கடியில் வெளிச்சம் படாமல் இருந்திருக்கும். அப்படியே குறித்துக்கொள்ளலாம்." பேனாவைத் திறந்தார்.

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எவ்வளவு படித்த விளக்கம்! நானே யோசித்திருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. தீதி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். தீதி குனிந்து ஒரு தாளை எடுத்து, முகத்தருகே கொண்டுபோனார். பார்க்கிறாரா மோந்துபார்க்கிறாரா என்று சொல்ல முடியாத தூரம். நிறத்தைத்தான் வெயில் எடுத்துக்கொண்டு போகும். வாசனையை விட்டுவிடும்.

தாளை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆல்பம்னு எழுதாதீங்க" என்றார். "இது எந்த ஆல்பத்துலயும் இருந்ததில்லை. முப்பது வருஷமா ரெண்டு அட்டைக்கு நடுவில நான்தான் வச்சிருக்கேன். என் ரெஜிஸ்டர்ல பொய் ஏறக்கூடாது."

"அப்படியானால் இது?"

என் வாய் திறந்தது. என் அம்மா என்று சொல்ல வேண்டும். சொன்னால் தாள் வாசற்படி தாண்டியது வெளிப்படும். சொல்லாவிட்டால் அவர் தலையில் விழும். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாய் திறந்தபடியே நின்றது.

"மஞ்சள்" என்றார் தீதி. "கல்யாணப் பத்திரிகை. யாரோ ஒரு அம்மா கண்ணுல பட்டிருக்கு. மஞ்சள் தொட்டு வச்சிருக்காங்க. அப்புறம் வெயில்ல வச்சு எடுத்திருக்காங்க."

"எப்போது?"

தீதி பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். "எண், பெயர், அளவு, நிலை. இங்கே நாலு பத்திதான் இருக்கு. எப்போ, யாருங்கறதுக்குப் பத்தி இல்லை."

நிபுணர் பத்திகளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஏழாம் எண்ணின் சுருங்கிய மூலைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்துக்குள் என் வாழ்நாளில் செய்த தவறுகள் எல்லாவற்றையும் ஒரு முறை புரட்டிப் பார்க்க எனக்கு அவகாசம் கிடைத்தது. கடைசியில், "எழுத்துக்கு ஒரு சேதமும் இல்லை" என்றார். "அச்சு அப்படியே இருக்கிறது. அதுதான் முக்கியம்." பன்னிரண்டு வரியிலும் நிலை என்ற பத்தியில், 'மூலைகளில் மஞ்சள் தடம், மங்கியது, மற்றபடி நன்று' என்று எழுதி, பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். முதல்வரோடு டிபன் சாப்பிடக் கிளம்பினார்.

அவர் காலடிச் சத்தம் படியில் இறங்கும்வரை தீதி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆறிப்போன டீயை எடுத்து, ஏட்டை ஊதி ஒதுக்கிவிட்டு, ஒரே மூச்சில் குடித்தார். அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பன்னிரண்டிலுமா?" என்றார்.

"பன்னிரண்டிலும். அம்மா வச்சுட்டா. நான் காப்பிப் பொடி வாங்கப் போயிருந்தேன்." ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. வந்த வரிசையில் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, பிரஷ், எலுமிச்சை, மாடி, பௌதி, அப்பளம்.

"ஏழாம் நம்பர்ல சோப்புப் போட்டது யாரு?"

"நான்."

"தெரியும். எந்த அம்மாவும் மஞ்சள் மேலே சோப்புப் போடமாட்டா." சொல்லும்போதே அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, சாவிக் கொத்து கிலுங்கக் கிலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நூலகத்தில் பேசினாலே முறைப்பவர். "ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்லை, மாஸ்டர்மொஷாய். படகு கவிழ்ந்துடும், பஸ்ல திருடிடுவான், மாடு தின்னுடும்னு என்னென்னவோ நினைச்சேன். மஞ்சளாம்!" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி, குறிப்பு எங்கே?"

நான் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தேன்.

தீதி என் முன்னால் தாளையும் பேனாவையும் வைத்து, பீரோவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அலுவலக ஆட்களைத் திருப்பி அனுப்பிய அதே பார்வை. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு குறிப்பும் முடிந்தது. ஒவ்வொன்றும் இரண்டே வரி. மூன்றாவது வரிக்கு அவர் விடவில்லை. கண்காட்சியில் அவற்றைப் படித்தவர்கள், சுருக்கமாக இருக்கிறது, யார் எழுதியது என்று கேட்டார்களாம். நான் அதற்கு முன்னும் பின்னும் எழுதிய எதைப் பற்றியும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மூன்று மணிக்குத் தாள்கள் எல்லாம் பீரோவுக்குள் போயின. தீதி பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

வெளியே மழை விட்டிருந்தது. தெரு முழுக்கப் பட்டறைகளின் டங்டங் சத்தம். கல்லூரி வாசலில், பீகார்க்காரக் காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து புகையிலை கசக்கிக்கொண்டிருந்தார். நான் அவர் எதிரில் போய் நின்று, தோள்பையை இறக்கி, அதன் வாயை அகலத் திறந்து காட்டினேன். உள்ளே ஒரு குடை, ஒரு காலி டிபன் டப்பா, நனைந்த செய்தித்தாள்.

"என்ன சாப், நான் கேட்கவே இல்லையே?"

"இருந்தாலும் பாருங்க. காலேஜ் தாள் ஏதாவது இருக்கான்னு."

அவர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லை."

"நல்லாப் பாருங்க."

"ஒண்ணுமே இல்லை, சாப்" என்றார் அவர், எனக்கு ஏதோ நஷ்டமாகிவிட்டது என்று நினைத்து, கொஞ்சம் ஆறுதலாக. நான் பையை மூடிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன்.